அசல் மட்டும் பாக்கி

பிப்ரவரி 3, திங்கள்

இந்த டைரி தபாலில் வந்தது. மில்லுக்கு பெல்ட்டும் பேரிங்கும் வாங்குகிற விருதுநகர்க் கடையிலிருந்து வருஷா வருஷம் அனுப்புவார்கள். மேலே "திரு. இருளப்பன், மாவு மில், அருப்புக்கோட்டை" என்று எழுதியிருந்தது. மார்கழியில் நடந்தது அவர்களுக்குத் தெரியாது போல. யாரும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

அவர் ஒரு வருஷமும் இதில் ஒரு எழுத்து எழுதியதில்லை. கல்லாவில் நோட்டுப் பறக்காமல் இருக்க மேலே வைப்பார். அவ்வளவுதான் டைரிக்கு வேலை.

சென்னையிலிருந்து மகள் முத்துமீனா பேசினாள். "பேச ஆளில்லைன்னா எழுதும்மா. மனசு லேசாகும்" என்றாள்.

"எனக்கா ஆளில்ல? மாவரைக்க வர்றவளுக அம்புட்டுப் பேரும் என் வாயைக் கேக்கத்தானடி வர்றாளுக" என்றேன்.

நான் படித்தது அஞ்சாம் வகுப்பு. அதிலும் பாதி நாள் தீப்பெட்டி ஒட்டப் போனேன். எழுத்து கோணல்மாணலாக வரும். வந்தால் வரட்டும். மனசு லேசாக வேண்டுமென்றால் முதலில் கனமாக இருக்க வேண்டுமே. அப்படி ஒன்றும் தெரியவில்லை. பல் பிடுங்கும்போது ஊசி போட்டுவிட்டால் கன்னம் நம்முடையதா பக்கத்தில் இருப்பவருடையதா என்று தெரியாதே, அந்த மாதிரி இருக்கிறது.

பிப்ரவரி 5, புதன்

கரண்ட் இல்லை. மில் ஓடவில்லை. கீரை வாங்கினேன், சமைக்கவில்லை.

பிப்ரவரி 12, புதன்

மாப்பிள்ளை வந்திருந்தார். என்னை பேங்குக்குக் கூட்டிக்கொண்டு போனார். வீட்டு லோன் விஷயம்.

கடன் வாங்கி இந்த வீட்டைக் கட்டி ஐந்து வருஷம் ஆகிறது. பதினைந்து வருஷம் கட்ட வேண்டிய கடன். அவர் "எட்டே வருஷத்துல முடிச்சு, பத்திரத்தை வாங்கி உன் தலையில வைக்கிறேன் பாரு" என்று சவால் விட்டார். "என் தலையில வைக்கத்தான் ஏற்கெனவே நீரு இருக்கீரே" என்றேன். டியூ போக, கையில் எது மிஞ்சினாலும் பேங்கில் கொண்டுபோய் அசலில் கழித்துவிடுவார். மில்லில் கீழே சிந்துகிற மாவைக் கூட்டி மாட்டுக்காரர்களுக்கு விற்ற காசுகூட அதற்குத்தான். அசல் குறைந்தால் வட்டி குறையும், வருஷம் குறையும். எனக்கு ஒரு சேலை கேட்டால், "அசல்ல கழிச்சிட்டேனே" என்பார்.

பேங்கில் கடன் பார்க்கிற தம்பியின் பெயர் ஜெபராஜ். கண்ணாடி போட்ட, மரியாதையான தம்பி. மாப்பிள்ளை ஒரு கட்டு ஜெராக்ஸ் தாள்களைக் கொடுத்தார். இருவரும் என்னவோ பேசினார்கள். நடுவில் இன்சூரன்ஸ் என்று ஒரு சொல் காதில் விழுந்தது. வண்டிக்குப் போடுவார்களே, அதுவாக்கும் என்று இருந்துவிட்டேன். அந்த மேஜையில் பேனாவை நூல் போட்டுக் கட்டி வைத்திருந்தார்கள். எவ்வளவு நீளம்தான் போகும் என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

மாப்பிள்ளைக்கு போன் வந்தது, வெளியே போய்விட்டார். அப்போதுதான் அந்தத் தம்பி என் பக்கம் திரும்பினார்.

"அம்மா, மத்ததெல்லாம் வந்துருச்சு. அசல் மட்டும் பாக்கி. அதைக் கொண்டாந்துட்டீங்கன்னா லோனை முடிச்சிடலாம். வீட்டுப் பத்திரம் உங்க கைக்கு வந்துரும்."

"அசல் மட்டுமா?"

"அசல் மட்டும்தாம்மா."

"வட்டி?"

"அதைக் குடுத்தப்புறம் வட்டி எங்க ஓடப்போகுது?"

எனக்கு ஆச்சரியமாகப் போய்விட்டது. பேங்க்காரர்களுக்கும் இரக்கம் இருக்கிறது. வீட்டுக்காரரைக் கொடுத்தவள் என்று வட்டியைத் தள்ளிவிட்டார்கள்.

"எப்பக் கொண்டாரணும் தம்பி?"

"ஜூலை முடியறதுக்குள்ள கொண்டாந்துருங்க. அதுக்கு மேல போனா சிக்கல். அதுவரைக்கும் டியூவை வழக்கம்போலக் கட்டுங்க."

"உங்க பேனா ஓடிப்போயிரும்னா கட்டி வச்சிருக்கீக?" என்று கேட்டேன். சிரித்துவிட்டார்.

பிப்ரவரி 13, வியாழன்

அசல் ஐந்து லட்சத்துக்குக் கொஞ்சம் மேலே நிற்கிறது. பாஸ்புக்கை பக்கத்து வீட்டுக் குருவம்மாக்காவின் மருமகளிடம் காட்டிக் கேட்டுக்கொண்டேன். ஜூலைக்குள் ஐந்து லட்சம். அவர் எட்டு வருஷம் என்றார். நான் ஆறு வருஷத்துக்குள் முடித்துக் காட்டினால், யார் கெட்டிக்காரர்?

இதைச் சொல்லிக்காட்ட ஆள் இல்லை. சரி.

மார்ச் 4, செவ்வாய்

மிளகாய்ப் பருவம் ஆரம்பித்துவிட்டது. ஒரு வருஷத்துக்குச் சேர்த்து அரைத்து வைக்கிறவர்கள் எல்லாம் காயவைத்து, சாக்கிலும் வாளியிலும் கொண்டுவருகிறார்கள். என்னிடம் இரண்டு மெஷின். ஒன்று அரிசி, கோதுமைக்கு. இன்னொன்று மிளகாய், மல்லிக்கு.

குருவம்மாக்கா முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு வாசலுக்கு ஓடிப்போய்த் தும்மினார். தும்மி முடித்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"ஏன்டி சந்தனம், உனக்கு நெடி ஏறலையா?"

"எனக்கு மூக்குக்கு லீவு விட்டாச்சுக்கா."

உண்மைதான். சந்தனமாரிக்கு இப்போதெல்லாம் தும்மலே வருவதில்லை. மிளகாய்க்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து டீ குடிக்கிறேன். டீயில் இஞ்சி போட்டிருந்தார்கள் என்று கிளாஸின் அடியில் பார்த்த பிறகுதான் தெரிந்தது.

அவருக்கு நேர்மாறு. இருபது வருஷம் மில் ஓட்டியும் தும்மல் விடாத மனுஷன். எங்கள் பக்கம் ஒருத்தர் தும்மினால் பக்கத்தில் இருப்பவர் "நூறு" என்று சொல்ல வேண்டும். நூறு வயசு இருக்கட்டும் என்று அர்த்தம். அடுத்த தும்மலுக்கு இருநூறு. இந்த மனுஷன் ஒரு மூச்சுக்கு ஏழு எட்டுத் தும்மல் போடுவார். நான் மாவை அள்ளிக்கொண்டே "எழுநூறு, எண்ணூறு" என்று சொல்லிக்கொண்டிருப்பேன். வேலைக்கு நடுவே இது ஒரு வேலை.

"இன்னைக்கு மட்டும் உமக்கு நாலாயிரம் வருஷம் கட்டியிருக்கேன். இதை எங்க போட்டு வச்சிருக்கீரு?" என்பேன்.

"அசல்ல கழிச்சிட்டேன்" என்பார்.

மார்ச் 10, திங்கள்

பேங்கில் டியூ போக பத்தாயிரம் அதிகம் கட்டினேன். காசாளர் பெண் நிமிர்ந்து பார்த்தது.

"இது கூடுதலா இருக்கேம்மா."

"அசல்ல கழிச்சுக்க தாயி. வேணாம்னா ஒரு ஐஸ்கிரீம் வாங்கிச் சாப்பிடு."

சீட்டுப் போட்டுவிட்டது. அதில் அவர் பெயர்தான் வந்தது. பணம் செலுத்தியவர்: இருளப்பன். நன்றி என்றும் போட்டிருந்தது.

மார்ச் 11, செவ்வாய்

முத்துமீனா போனில் கேட்டாள். "பேங்க்ல அசல் குடுத்துட்டியாம்மா?"

"குடுத்துக்கிட்டே இருக்கேன்டி."

"எப்பப் பாரு கிண்டல். வேலைய முடிச்சியா இல்லையா?"

"ஜூலைக்குள்ள முடிச்சிருவேன், கவலப்படாத."

"அதுக்கு ஏன்மா ஜூலை வரைக்கும்?" என்றாள். அதற்குள் பேரப்பிள்ளை அழுதது. வைத்துவிட்டாள். பணக்கார வீட்டு மருமகள் மாதிரி பேசுகிறாள். அசல் என்ன மரத்திலா காய்க்கிறது?

ஏப்ரல் 14, திங்கள்

சித்திரை ஒன்று. எங்களுக்கு இந்த வருஷம் பண்டிகை இல்லை. குருவம்மாக்கா பாயசம் கொண்டுவந்தார்.

"ரேஷன் வாங்க வரவே மாட்டேங்கிறியே, என்ன? பச்சரிசி நல்லா இருக்குடி இந்த மாசம்."

"மாவு மில்காரிக்கு அரிசிக்கா பஞ்சம்?"

"கார்டு எங்க வச்சிருக்க? குடு, நான் வாங்கியாறேன்."

கார்டு மஞ்சப்பையில் இருக்கிறது. மஞ்சப்பை உள் அறை ஆணியில் தொங்குகிறது. மதுரை ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபோது மாப்பிள்ளை கையில் இருந்த பை. அப்புறம் நகராட்சிக்குப் போய்விட்டு வந்து, அந்தத் தாளையும் அதிலேயே வைத்து மாட்டினார். அதற்குப் பிறகு நான் இறக்கவில்லை. ஆணி கொஞ்சம் உயரம்.

"தேடிப் பாக்குறேன்க்கா" என்றேன்.

பாயசத்தில் சர்க்கரை போட மறந்துவிட்டாராம். சாயங்காலம் வந்து சொல்லிச் சிரித்தார். நான் முழுதும் குடித்திருந்தேன்.

மே 5, திங்கள்

இந்த மாதம் பதினைந்தாயிரம் கூடுதல். மிளகாய்க் காசு முழுதும். பேங்க் வாசலில் ஜெபராஜ் தம்பி டீ குடித்துக்கொண்டு நின்றார்.

"அம்மா, அசல் கொண்டாந்தீங்களா?"

"கொண்டாந்துக்கிட்டுத்தானே தம்பி இருக்கேன். கொஞ்சம் கொஞ்சமாத்தான் கொண்டார முடியும்."

"கொஞ்சம் கொஞ்சமாவா?"

"பின்ன, மொத்தமாக் கேட்டா எங்க போவேன்? பிச்சுப் பிச்சுத்தான் வரும்."

அவருக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. டீ சட்டையில் சிந்திவிட்டது. கூட நின்றவரிடம், "இந்தம்மா வந்தா நேரம் போறதே தெரியாது சார்" என்றார். அப்புறம் கொஞ்சம் முகம் மாறி, "கஷ்டமாத்தாம்மா இருக்கும், எனக்குப் புரியுது. ஆனா தேதி ஓடுது, மறந்துராதீங்க" என்றார்.

நல்ல தம்பி. கடன் கொடுத்தவன் இப்படி இதமாகக் கேட்பதை நான் எங்கும் பார்த்ததில்லை.

மே 19, திங்கள்

கணக்குப் போட்டுப் பார்த்தேன். இந்த வேகத்தில் போனால் ஜூலைக்குள் ஒரு லட்சம்கூடத் தேறாது.

குருவம்மாக்கா, "ஏன்டி இப்பிடி பறக்குற? இருக்கிற பத்து வருஷத்துக்கு மெல்லக் கட்டேன். உன்னை யாரு விரட்டுறா?" என்றார்.

"வட்டி இல்லைங்கிறாகக்கா. அசல் மட்டும் குடுத்தாப் போதும். இப்பிடி ஒரு ஆபர் ஜவுளிக்கடையிலகூட வராது."

"யாரு சொன்னா?"

"பேங்க் தம்பி. வாய் நிறையச் சொன்னாரு."

"பேங்க்காரனா? வட்டிய விட்டானா?" அக்கா முகவாயில் கையை வைத்துக்கொண்டார். "நல்லாக் கேட்டியா? நீ பாட்டுக்கு எங்கயோ பாத்துக்கிட்டு இருந்திருப்ப."

"காது நல்லாத்தான் இருக்கு. மூக்குதான் ரிப்பேர்" என்றேன்.

ஜூன் 9, திங்கள்

நகையை விற்றேன். அடகு வைக்கவில்லை, அடகு வைத்தால் அதற்கொரு வட்டி. வளையல், சங்கிலி, முத்துமீனா பிறந்தபோது அவர் செய்துபோட்ட தோடு. தாலிக்கொடி ஏற்கெனவே பெட்டிக்குள்தான் கிடந்தது. அதையும் கொடுத்தேன். கடைக்காரர் அதை மட்டும் தனியாக எடுத்துவைத்து, "இது வேண்டாமேம்மா" என்றார்.

"எடை போடுங்கண்ணே. இருக்கிறதுலயே அதுதான் கனம்" என்றேன்.

தராசில் வைத்தார். நான் தராசின் பச்சை எழுத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எண்கள் ஓடி ஓடி நின்றன. ஒன்றும் தோன்றவில்லை. வெயில் அதிகமாக இருந்தது. சர்பத் குடித்தேன்.

ஜூன் 20, வெள்ளி

பாளையம்பட்டி தங்கப்பாண்டி அண்ணன் அங்கே புதிதாக மில் போடுகிறாராம். என் இரண்டு மெஷினையும் மோட்டாரோடு கேட்டார்.

"எல்லாத்தையும் குடுத்துட்டு நீ என்ன பண்ணுவ தங்கச்சி?"

"உங்க மில்லுல வந்து தும்முறதுக்கு ஆள் வேணும்ல, அந்த வேலை போட்டுக் குடுங்க."

"இந்த வாய்க்கு இருளப்பன் மச்சான் எப்படித்தான்..." என்று தொடங்கி நிறுத்திக்கொண்டார். எல்லோரும் அந்த இடத்தில் வந்து நிறுத்திக்கொள்கிறார்கள். பழகிவிட்டது.

முதலில் கோதுமை மெஷினை எடுத்துக்கொண்டு அதற்குப் பணம் தருகிறார். மிளகாய் மெஷினுக்கு முன்பணம். ஆடி பிறந்ததும் எடுத்துக்கொள்வார். எல்லாம் சேர்த்தால் அசலுக்குச் சரியாக வந்துவிடும். மில் இருக்காது. வீடு இருக்கும். அவர் கேட்டது வீட்டைத்தானே.

ஜூலை 3, வியாழன்

கோதுமை மெஷின் போய்விட்டது. நான்கு பேர் தூக்கினார்கள். அது நின்ற இடத்தில் தரை மட்டும் பழைய நிறத்தில் இருக்கிறது. கூட்டினேன். அடியில் அவருடைய பீடிக்கட்டு ஒன்று கிடந்தது. விட்டுவிட்டேன் என்று சத்தியம் செய்த மனுஷன்.

ஜூலை 8, செவ்வாய்

பணத்தை ஜவுளிக்கடைப் பையில் போட்டு, மேலே ஒரு துண்டை மூடி எடுத்துக்கொண்டு போனேன். ஜெபராஜ் தம்பியின் மேஜையில் வைத்தேன். ஆடி பிறந்து மிளகாய் மெஷினுக்கு முழுப்பணம் வந்ததும் மீதியைத் தந்துவிடலாம் என்று கணக்கு.

"இந்தாங்க தம்பி, அசல். கொஞ்சம்தான் குறையுது. எண்ணிக்கங்க."

துண்டை விலக்கிப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மறுபடி பையைப் பார்த்தார்.

"இது என்னம்மா?"

"நீங்க கேட்ட அசல்."

அவர் சிரிக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார்.

"அம்மா, நான் பணமா கேட்டேன்? சார் இறந்த சர்டிபிகேட்டுக்கு ஜெராக்ஸ்தான் குடுத்தாங்க. அதோட அசல் வேணும்னுதானேம்மா சொன்னேன். சார் பேர்ல லோனுக்கு இன்சூரன்ஸ் இருக்கு. அந்த ஒரு தாள் வந்துட்டா கம்பெனிக்காரங்க மொத்தக் கடனையும் கட்டிருவாங்க. நீங்க ஒரு பைசா கட்ட வேண்டாம்."

மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது.

"இத்தனை மாசம் நீங்க... இதெல்லாம் எங்க இருந்தும்மா?"

"இதைத் தமிழ்ல சொல்லியிருக்கலாம்ல தம்பி" என்றேன்.

"தமிழ்லதானம்மா சொன்னேன்." கண்ணாடியை எடுத்து மறுபடி மேஜையிலேயே வைத்தார். "நீங்க கிண்டல் பண்றீங்கன்னே நெனச்சுட்டேன். ஒவ்வொரு தடவையும்."

காசாளர் பெண் எழுந்து வந்து தண்ணீர் கொடுத்தது. குடித்தேன். அப்புறம் அந்தத் தம்பியிடம் கேட்டேன்:

"இந்தப் பணத்தையே எடுத்துக்கிட்டா ஆகாதா?"

"ஏன்மா? இது உங்க பணம்மா. அந்த ஒரு தாளு போதும். வீட்ல இருக்குல்ல?"

"இருக்கு."

"அப்புறம் என்ன?"

"எனக்கு இதுதான் தம்பி சுலபம்" என்றேன்.

அவர் பேனாவின் நூலை விரலில் சுற்றிக்கொண்டே இருந்தார். பிறகு பையைத் துண்டால் மூடி என் பக்கம் நகர்த்தினார். "ஜூலை முடியறதுக்குள்ளம்மா" என்று மட்டும் சொன்னார்.

ஜூலை 9, புதன்

மில் திறக்கவில்லை.

ஜூலை 11, வெள்ளி

யாரோ முத்துமீனாவுக்குச் சொல்லிவிட்டார்கள். குருவம்மாக்காவாகத்தான் இருக்கும். போனில் முதலில் கத்தினாள். "தாலிக்கொடியை வித்தியாம்மா? நீ கேட்டிருக்கலாம்ல, ஒரு வார்த்தை என்கிட்ட கேட்டிருக்கலாம்ல?" என்றாள். அப்புறம் அழுதாள். அவள் அழுது முடிகிற வரைக்கும் போனைக் காதிலேயே வைத்திருந்தேன்.

"நான் கிளம்பி வந்து அந்தச் சர்டிபிகேட்டைக் குடுத்துடறேன்" என்றாள்.

"வேணாம்டி. நான் பாத்துக்கிறேன்."

"உனக்கு நெசமாவே புரியலையாம்மா? இல்ல..." என்றாள்.

"அஞ்சாங்கிளாஸ்காரிகிட்ட என்னடி பரீட்சை வைக்கிற?"

அவள் சிரிக்கவில்லை.

ஜூலை 15, செவ்வாய்

பேங்குக்குப் போகலாம் என்று கிளம்பினேன். சேலை மாற்றினேன். ஆணிக்குக் கீழே ஸ்டூல் போட்டேன். அப்புறம் ஸ்டூலில் உட்கார்ந்து வெற்றிலை போட்டேன். மத்தியானம் ஆகிவிட்டது.

ஜூலை 22, செவ்வாய்

ஸ்டூல் அங்கேயே கிடக்கிறது. அறைக்குப் போக வர இடிக்கிறது.

குருவம்மாக்கா வந்து பார்த்துவிட்டு, "நான் எடுத்துத் தரவாடி?" என்றார்.

"உங்க உயரத்துக்கா? ஸ்டூலுக்கு மேல இன்னொரு ஸ்டூல் வேணும்."

அவர் போகவில்லை. பக்கத்தில் தரையில் உட்கார்ந்துகொண்டார். இருவரும் அவரைக்காய் உரித்தோம்.

"அந்தத் தாளைக் குடுக்காம வச்சிருந்தா மட்டும் என்னடி ஆகப்போகுது?" என்றார், காயைப் பார்த்தபடியே.

"ஒண்ணும் ஆகாதுக்கா. தெரியும்."

"வீடு போயிருமேடி."

"அதும் தெரியும்."

ஜூலை 29, செவ்வாய்

பையை இறக்கினேன். திறக்கவில்லை. அப்படியே பேங்குக்கு எடுத்துக்கொண்டு போய் ஜெபராஜ் தம்பியின் மேஜையில் வைத்தேன்.

"இதுல இருக்கு. நீங்களே எடுத்துக்கங்க தம்பி."

தம்பி பைக்குள் கையை விட்டு ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். ரேஷன் கார்டு. ஆஸ்பத்திரி பில். அவருடைய கைக்கடிகாரம், ஓடிக்கொண்டிருந்தது. பஸ் டிக்கெட், இரண்டு பேருக்கு, மதுரைக்குப் போனது. கடைசியில் அந்தத் தாள்.

சரிபார்க்க வேண்டுமாம். மெதுவாக வாசித்தார். தாழ்ந்த குரலில்தான் வாசித்தார்.

"பேரு இருளப்பன். சரியாம்மா?"

"சரிதான்."

"அப்பா பேரு முனியசாமி."

"சரிதான்."

"மனைவி பேரு சந்தனமாரி."

"சரிதான்."

முகவரி. சரிதான். தேதி. சரிதான். இறந்த இடம். சரிதான்.

ஒரு தப்பாவது இருக்குமா என்று கேட்டுக்கொண்டே இருந்தேன். எங்கள் ரேஷன் கார்டில் என் பெயர் சந்தனமேரி. ஓட்டர் கார்டில் அவர் வயது என் அப்பா வயது. கரண்ட் பில்லில் தெருப் பெயரே வேறு. எங்கள் பெயரை இதுவரைக்கும் எந்த ஆபீஸும் சரியாக எழுதியதில்லை. இந்த ஒரு தாளில் மட்டும் ஒரு எழுத்துப் பிழை கிடையாது.

"எல்லாம் சரியா இருக்குல்லம்மா?"

"சரியாத்தான் இருக்கு தம்பி" என்றேன்.

கையெழுத்துப் போடச் சொன்னார். நூல் கட்டிய பேனாதான். நூல் போதுமான நீளம் இருந்தது.

ஆகஸ்ட் 18, திங்கள்

மெஷின் ஒன்றுதான் இருக்கிறது. தங்கப்பாண்டி அண்ணன் விஷயம் கேள்விப்பட்டு, மிளகாய் மெஷினுக்குக் கொடுத்த முன்பணத்தைத் திருப்பி வாங்கிக்கொண்டார். கோதுமை மெஷினைத் தர மறுத்துவிட்டார். "அது நல்லா ஓடுது தங்கச்சி" என்றார். அது நன்றாகத்தான் ஓடும். தாலிக்கொடியை வாங்கிய கடைக்காரர் அதை உருக்கிவிட்டாராம்.

கோதுமைக்காரர்கள் வருகிறார்கள், பார்க்கிறார்கள், போகிறார்கள்.

செப்டம்பர் 12, வெள்ளி

லோன் முடிந்தது. ஜெபராஜ் தம்பி வீட்டுப் பத்திரத்தை இரண்டு கையாலும் கொடுத்தார். தலையில் வைக்க ஆள் இல்லை. கக்கத்தில் வைத்துக்கொண்டேன்.

"மார்கழிக்கு அப்புறம் நீங்க கட்டுனதெல்லாம் உங்க கணக்குல போட்டாச்சும்மா. அதோட இன்னொரு தொகையும் வந்திருக்கு."

"அது என்ன?"

"சார் இருந்தப்ப, டியூவுக்கு மேல அசல்ல கட்டிக்கிட்டே இருந்தாருல்ல. இன்சூரன்ஸ் முதல்ல போட்ட கணக்குப்படிதான் பணம் தரும். சார் முன்கூட்டியே கட்டிட்டதால கடன் அதைவிடக் குறைவாத்தான் நின்னுச்சு. மிச்சம் உங்களுக்கு வருது. அவரு கூடுதலாக் கட்டுனது ஒண்ணும் வீணாப் போகலைம்மா."

சிந்திய மாவு விற்ற காசு. வாங்காத சேலைகளின் காசு. எல்லாம் வந்திருக்கிறது.

"அவரு பேர்ல வேற ஒண்ணும் கூடுதலாக் கட்டியிருக்கு தம்பி. அது வருமா?" என்று கேட்டேன்.

"எந்த பேங்க்லம்மா?"

"ஒண்ணுமில்ல. சும்மா" என்றேன். இந்த முறை அவர் சிரிக்கலாமா கூடாதா என்று தெரியாமல் என் முகத்தையே பார்த்தார்.

செப்டம்பர் 15, திங்கள்

புது மெஷினுக்குச் சொல்லியிருக்கிறேன். பெல்ட் கடையில் பெயர் கேட்டார்கள். என் பெயரைச் சொன்னேன். டைரியும் இனி இந்தப் பெயருக்கு அனுப்புங்கள் என்றேன். ஏன் என்று கேட்டார்கள். மார்கழியில் அவர் இறந்துவிட்டார் என்றேன். வாயால் சொன்னது இதுதான் முதல் தடவை. கடைக்காரர் அதற்குப் பிறகு பேரம் பேசவில்லை.

செப்டம்பர் 19, வெள்ளி

மத்தியானம் குருவம்மாக்கா வாளியோடு வந்தார். மெஷினை ஓடவிட்டு, தட்டில் கொட்டி, குழலில் தள்ளிக்கொண்டிருந்தேன். பாதி தள்ளியிருப்பேன். மூக்கில் என்னவோ ஏறியது. தும்மினேன்.

அக்கா பழக்கத்தில், "நூறு" என்றார்.

மறுபடி தும்மினேன். "இருநூறு."

மெஷினை நிறுத்தினேன். தும்மல் நிற்கவில்லை. தூணைப் பிடித்துக்கொண்டேன். முந்நூறு, நானூறு என்று அக்கா சொல்லிக்கொண்டே வந்தார். எழுநூறு சொன்னபோது அவர் குரல் உடைந்துவிட்டது. அப்படியும் விடவில்லை, எண்ணூறும் சொன்னார். என்னைப் பிடித்துச் சாக்கின் மேல் உட்காரவைத்தார். முந்தானையால் என் முகத்தைத் துடைத்தார். துடைக்கத் துடைக்க ஈரம்.

"போதும்டி. எம்புட்டுத்தான் போடுவ? எதுக்குடி இம்புட்டு?"

"இருக்கட்டும்க்கா. கூடுதலா இருந்தா திருப்பித் தர்றாகளாம்" என்றேன்.

சாயங்காலம் வரை கண்ணில் தண்ணீர் நிற்கவில்லை. வந்தவர்கள் எல்லாம், "மிளகாய் ரொம்பக் காரமோ?" என்று கேட்டார்கள். ஆமாம் என்று சொன்னேன்.

இன்று அரைத்தது மல்லி.